ஊறப்போட்ட வழக்கு

துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், இறந்தவரின் தடியை எடுத்து நாயை விரட்டியவன் நான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. வீட்டில் யாராவது கேட்டால், நாய் வந்தது உண்மைதான், ஆனால் நான் அசையவில்லை என்பேன். நண்பர்கள் கேட்டால், அது நாயே இல்லை, செந்நாய் என்பேன். நடந்தது இவ்வளவுதான்: நாய் பாய்ந்து வந்தது, நான் அலறினேன், கைக்கெட்டும் தூரத்தில், கதவோரம், ஒரு தடி சாத்தியிருந்தது, எடுத்துவிட்டேன். முற்றத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் ஒரே மூச்சில் வாயை மூடினார்கள். ஒப்பாரி நின்றது. தப்பு அடித்துக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. அந்த அமைதியில் நாய் ஒன்றுதான் தன் கருத்தைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடத்தியிருந்தவரின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். இல்லாவிட்டால் அவராவது வாயைத் திறந்திருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது.

அது என்ன தடி என்று சொல்ல வேண்டுமானால், அதை வைத்திருந்தவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள். சுகாதார இலாகாவில் நான் அம்மை குத்துகிறவனாக இருந்தேன். கொல்லிமலையை என் தலையில் கட்டினார்கள். அடிவாரம் வரைக்கும் பஸ். அதற்குமேல் அவரவர் கால். தோளில் ஒரு பை, அதற்குள் திருகு ஊசி, ஈரத்துணி சுற்றிய மண் கலயத்தில் மருந்துக் குழாய்கள், அடியில் படிக்க ஒரு புத்தகம். மலையில் என்னைக் கண்டால் பிள்ளைகள் மிளகுக்கொடி ஏறி ஒளிந்துகொள்ளும். "சோறு திங்காட்டிப் போ, அம்மை குத்துறவருகிட்டப் புடிச்சுக் குடுத்துப்போடறேன்" என்று தாய்மார்கள் மிரட்டுவது என் காதிலேயே விழுந்திருக்கிறது. ஒரு மலை முழுவதும் பயப்படுகிற மனிதனாக இருப்பது சிலருக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கலாம். எனக்கு அந்தப் பெருமையை அனுபவிக்க நேரமில்லை. நான் என் பயங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது: அட்டை, மூடுபனி, ஒற்றையடிப் பாதையின் இடப்பக்கம், ஒற்றையடிப் பாதையின் வலப்பக்கம், மேலதிகாரி, எல்லாவற்றுக்கும் மேலே நாய். மலைக்காரர்களின் நாய்கள் பன்றி வேட்டைக்குப் போகிறவை. மனிதனை ஒரு மாதிரி கணக்குப் போட்டுப் பார்க்கும். நிறையப் படித்தவன் பயப்படுவதில் ஒரே ஒரு வசதி உண்டு; தன் பயத்துக்கு மூன்று மொழிகளில் பெயர் தெரியும். அதனால் பயம் குறைவதில்லை.

அந்த மலையில் நாட்டுக்கு ஒருவர் வழக்குக் கேட்பார். நாடு என்றால் தேசம் இல்லை; பத்துப் பதினைந்து சிற்றூர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. குண்டனி நாட்டுப் பக்கம் வழக்குக் கேட்டவரைப் 'பெரியவர்' என்பார்கள். என் அலுவலக அறிக்கையில் நான் அவரை 'உள்ளூர் நீதிபதி' என்று எழுதினேன். கீழே இருந்த மேலதிகாரி, "அந்த மலையில கோர்ட் எப்பய்யா வந்தது?" என்று கேட்டார். கோர்ட் இல்லை, ஒரு தடி மட்டும்தான் என்று சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன்.

பெரியவர் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. கூழ் கொதிக்கும்போது அப்படியே உறைந்துவிட்டது போன்ற முகம். குரல் மிகவும் மெல்லியது; அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். சண்டைக்காரர்கள் எவ்வளவு கத்திக்கொண்டு வந்தாலும், அவர் உதடு அசைந்தால் வாயை மூடித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் தனக்கு என்ன தீர்ப்பு என்பதே தெரியாமல் போய்விடும்.

முதல்முறை அவரிடம் அனுமதி கேட்கப் போனேன். என் பையைத் திறக்கச் சொல்லி, ஊசியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது குத்துனா நோவுங்களா?"

"கொஞ்சம்கூட நோவாதுங்க."

"காச்சல் வருங்களா?"

"வராதுங்க."

"அப்ப உங்க கையில குத்திக் காட்டுங்க."

ஏற்கெனவே பலமுறை குத்திக்கொண்டவன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஊசியை என் பக்கம் நீட்டினார். காத்திருந்தார். அவருடைய காத்திருப்பு ஒரு சுவர் மாதிரி. முட்டிக்கொண்டால் வலிப்பது நமக்குத்தான். குத்திக்கொண்டேன். வலித்தது. என் முகம் போன போக்கை அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "நோவாதுன்னு சொன்னீங்க" என்றார். பிறகு, "போயி எல்லாருக்கும் குத்துங்க. ஆனா நோவும்னு சொல்லிக் குத்துங்க" என்றார்.

தடியைப் பற்றிச் சொல்ல வந்தேன். கறுத்து, பிடி வழவழத்த, இடுப்பளவு உயரத் தடி. அது அவர் மடிமேல் குறுக்காக இருந்தால் அவர் வழக்குக் கேட்கிறார் என்று அர்த்தம். எதிரே நிற்பவர் அவருடைய தம்பியாக இருந்தாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். தடியைக் கதவோரம் சாத்திவிட்டால் அவர் வெறும் மனுஷன். யாரும் கேலி பேசலாம். அவர் மனைவி, "அடுப்புல வெறகில்லாத உக்காந்திருக்கறேன், இவருக்கு நாட்டு நாயம்" என்று எல்லோர் எதிரிலும் ஏசலாம். ஏசவும் செய்வார். பெரியவர் அப்போது தடியை ஒருமுறை ஏக்கத்தோடு பார்ப்பதை நானே கவனித்திருக்கிறேன்.

தீர்ப்பு மட்டும் லேசில் சொல்லமாட்டார். இரு தரப்பையும் கேட்டுவிட்டு, "ஊறட்டுங்க" என்பார். அவ்வளவுதான். எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டும். கேழ்வரகை ஊறப்போடுகிற மாதிரி வழக்கையும் ஊறப்போடுவார். ஒருமுறை அண்ணன் தம்பி இரண்டு பேர், வரப்பில் நின்ற பலாமரம் யாருக்கு என்று கொடுவாளோடு வந்தார்கள். ஊறட்டும் என்று அனுப்பிவைத்தார். பழம் பழுத்த சமயத்தில் குரங்குக் கூட்டம் இறங்கிவிட்டது. தனித்தனியாக விரட்டினால் முடியாது என்று அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று விரட்டியிருக்கிறார்கள். அடுத்த சந்தையில் பெரியவர் அவர்களைக் கூப்பிட்டு, "இப்ப ஆரு மரம்?" என்று கேட்டார். இருவரும் தலையைச் சொறிந்தார்கள். தீர்ப்பைக் குரங்கு சொல்லிவிட்டதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.

இப்படி ஊறப்போட்டே நாட்டை நடத்தியவர், கடைசியாக ஒரு வழக்கை ஊறப்போட்டுவிட்டு இறந்துபோனார். அந்த வழக்கில் நானும் இருந்தேன்.

பங்குனி கடைசியில் மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊரில் சில விஷயங்கள் கூடாது. தாளிக்கக் கூடாது, வெளியூரில் தங்கக் கூடாது, உடம்பில் இரும்பு படக் கூடாது. அந்தச் சமயத்தில்தான் செம்மேட்டுச் சந்தையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். புருஷன் இல்லாதவள். மூத்த பிள்ளையைப் போன வருடம் அம்மையில் வாரிக்கொடுத்தவள். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு, "சீக்கிரம் குத்துங்க சாமி" என்றாள். வழக்கமாகத் தாய்மார்களைத் துரத்திப் பிடித்துக் குத்துகிறவனுக்கு, தானாக வந்து கையை நீட்டுகிற தாய் பெரிய அதிசயம். நான் கயிற்றைப் பார்க்கவில்லை. குத்தினேன். குழந்தை என்னை முறைத்துப் பார்த்ததே தவிர அழவில்லை.

சில நாட்களில் அவளுடைய ஊரில் இரண்டு வீடுகளில் அம்மை இறங்கியது. காப்புக் கட்டிய சமயத்தில் பிள்ளை உடம்பில் இரும்பை ஏற்றினாள், அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. அவளைத் தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். தள்ளி வைத்தால் நெருப்புக் கொடுக்கமாட்டார்கள், தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள், நிலம் போய்விடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையைவிட்டு இறங்க வேண்டியதுதான். இறங்கி எங்கே போவாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பெரியவர் விசாரித்த அன்று நானும் இருந்தேன். பெரிய மீசை வைத்த ஒருவர் அந்த ஊர் சார்பாகப் பேசினார். அவருடைய அண்ணன் வீட்டிலும் அம்மை இறங்கியிருந்தது. பயந்தவனின் கோபம் அவருக்கு. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊறட்டுங்க" என்றார். கூட்டம் கலைந்தபின் தடியைக் கதவோரம் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்தக் கொழந்தைக்குக் குத்துன எடம் பழுத்துருக்குதுங்களா?"

"நல்லாப் பழுத்திருக்குதுங்க."

"அப்ப சரி. எம்பட மூஞ்சியப் பாருங்க. அம்மா ஒருக்கா வந்துட்டுப் போனா மறுக்கா வரமாட்டா."

"அப்போ இன்னிக்கே தீர்ப்பைச் சொல்லியிருக்கலாமேங்க?"

"சொல்லலாம். ஆரும் கேக்கமாட்டாங்க. இன்னும் அவிங்களுக்குப் பயம் காயலீங்க."

பயம் காய்வதற்குள் பெரியவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டார்.

செய்தி கேட்டதும் நான் செம்மேட்டிலிருந்து கிளம்பினேன். என் பையை வழக்கமாகத் தூக்கி வருகிற மலைக்காரர் கூட வந்தார். வாய் ஓயாத மனிதர். முதல்நாள் கோடை மழை பெய்து, பாதையெல்லாம் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் உலகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அந்தப் பனிக்குள் அவர் குரல் மட்டும் எனக்கு முன்னால் நடந்தது.

"இன்னிக்கு ஒரு சங்கடம் இருக்குதுங்க சாமி. ஊறப்போட்ட வழக்கு தலைமேல இருக்கறப்போ பெரியவர எடுக்கக் கூடாதுங்க. ஆராச்சும் அந்தத் தடிய எடுத்து வழக்க முடிக்கோணும்."

"யாராவது எடுத்து முடித்துவிட்டால் போகிறது."

"ஆரு எடுப்பாங்க? அம்மா காரியமாச்சே. தப்பாத் தீத்தா, தீத்தவன் மேலயே எறங்கிடுவா. காத்தால இருந்து அத்தன பெரிய மனுசரும் தடியப் பாக்கறாங்க, வானத்தப் பாக்கறாங்க."

"யாருமே எடுக்காவிட்டால்?"

"பொணத்த எடுக்கறதுக்கு முன்னால அந்தப் புள்ள நாட்ட உட்டுப் போயிரோணும். வழக்கோட சேத்து அனுப்பிருவாங்க." கொஞ்ச தூரம் போனபின், "அவிங்க ஊட்ல நாயி இருக்குதுங்க சாமி. பாத்து வாங்க" என்றார். என் பயம் மலை முழுக்கப் பிரசித்தம்.

போய்ச் சேர்ந்தபோது முற்றம் நிறைய ஆட்கள். ஆண்கள் ஒரு பக்கம் இடுப்பில் கொடுவாளோடு நின்றார்கள். மலையில் ஆண்கள் எங்கே போனாலும் கொடுவாளோடுதான் போவார்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பெரியவரின் மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரையும் விட்டு விலகி, பலாமரத்தடியில், அந்தப் பெண். மடியில் குழந்தை. பக்கத்தில் ஒரு துணி மூட்டை. கட்டியே எடுத்து வந்துவிட்டாள். குழந்தையின் இடது கையில் பொருக்கு நன்றாகத் தெரிந்தது. ஓர் ஈ அதன்மேல் உட்காருவதும், அவள் விரட்டுவதும், மறுபடி அது உட்காருவதுமாக இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. வெறுமனே பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டு, கும்பிடு போடுவதற்காகக் கட்டிலை நோக்கி நடந்தேன்.

அப்போதுதான் வீட்டுக்குப் பின்னாலிருந்து நாய் வந்தது.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தடியை ஓங்கியதும் நாய் நின்றது, உட்கார்ந்தது, காதைச் சொறிந்துகொண்டது. நான்தான் தடியை ஓங்கிய கையோடு சிலையாக நின்றேன். மீசைக்காரர் மெதுவாக முன்னால் வந்தார்.

"தடியத் தொட்டுட்டீங்களே சாமி."

"நாய்... நாய்க்காகத்தாங்க..."

"நாயி உக்காந்துருச்சுங்க. தடி உங்க கையில இருக்குது."

"இந்தாங்க, வெச்சுடறேன்."

"வெக்காதீங்க!" நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள். "வழக்கு முடியாம வெச்சா, செத்தவரு தலைமேல வெச்ச மாதிரி ஆயிரும்."

"நான் இந்த நாட்டுக்காரன் இல்லீங்களே! அடிவாரத்துக்காரனுங்க!" பயத்தில் எனக்கு அவர்கள் பேச்சு தானாக வந்துவிட்டது.

"தடிக்கு அது தெரியாதுங்களே" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். என் பையைத் தூக்கி வந்த ஆள். துரோகி, என் பைமேலேயே உட்கார்ந்திருந்தார்.

என்னை ஒரு பலகையில் உட்காரவைத்தார்கள். தடியை மடிமேல் குறுக்காக வைக்கச் சொன்னார்கள். அது என் முழங்கால்களில் தாளம் போட்டது. தப்புக்காரர் அதைக் கவனித்துக் கேட்பது போலிருந்தது. பெரியவரின் முகம் எனக்கு நேர் எதிரே. கண் மூடியிருந்தாலும், அதே காத்திருப்பு. நோவாதுன்னு சொன்னீங்க.

எனக்கு அம்மனிடம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், அன்று காலை வரைக்கும் இல்லை என்றிருப்பேன். இலாகா எனக்குக் கொடுத்திருந்த புத்தகத்தில் அம்மை எதனால் வருகிறது என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பலகையில் உட்கார்ந்தபோது அந்தப் புத்தகத்தின் அட்டைகூட ஞாபகம் வரவில்லை. தப்பாகத் தீர்த்தால் தீர்த்தவன் மேலேயே இறங்குவாள். சரியாகத் தீர்த்தால் மட்டும் கொடுவாள்காரர்கள் சும்மா இருப்பார்களா? என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே தீர்ப்பு அதுதான்.

"ஊறட்டுங்க."

பெரியவரின் மனைவி கட்டில் காலைவிட்டுத் திரும்பினார். "ஏனுங்க, இன்னும் ஊற வெக்க இது என்ன மார்கழியா? இந்தச் சித்திரையில பொழுதுக்குள்ள எடுக்க வேண்டாமுங்களா?"

எங்கோ பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி, சாவு வீடு என்று ஞாபகம் வந்து அடங்கியது.

மீசைக்காரர் எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அண்ணன் வீட்டுக் குழந்தைக்கு அன்று காலை வரைக்கும் கண் திறக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். "ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடுங்க சாமி. காப்புக் கட்டுன சமயத்துல அந்தப் புள்ள கையில நீங்க என்னத்த ஏத்துனீங்க? இரும்பா, இல்லீங்களா?"

ஊசி இரும்புதான். இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் பலாமரத்தடியில் இருக்கும் அந்த மூட்டை மலை இறங்கும். நான் வாயைத் திறந்தேன். பயம் வந்தால் சிலருக்குச் சாமி பெயர் வரும். எனக்கு இலாகாவின் பாடம் வந்தது. பயிற்சியில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று ஒப்பிப்போமே, அதே குரலில், எழுந்து நின்று ஒப்பித்தேன்: "இடது புஜத்தில் அம்மைப்பால் வைத்தேன்."

"என்னதுங்க?"

"அம்மைப்பால். அதுதாங்க அந்த மருந்துக்குப் பேரு. சர்க்கார் காகிதத்துலயே அப்படித்தான் இருக்குதுங்க. அம்மைப்பால்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது. சொல்லிக்கொண்டே போகப்போக அந்தச் சொல் கொஞ்சம் மாறியது. அது எங்கே மாறியது என்று எனக்குத் தெரியாது. பெண்கள் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அது வேறு சொல்லாக இருந்தது.

"அம்மா பாலா?" என்றார் பெரியவரின் மனைவி. "அம்மா பாலையா குடுத்தீங்க?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் தலை ஆடிக்கொண்டிருந்தது; அது நடுக்கமா சம்மதமா என்று எனக்கே தெரியாது.

அவர் எழுந்து நின்றார். "அம்மா பாலு குடுத்த புள்ளையவா தள்ளி வெக்கறீங்க? நோம்பி சமயத்துல அம்மா பாலு கெடைக்க எத்தன பேருக்குக் குடுத்து வெச்சிருக்குது!"

"அப்ப அந்த இரும்பு?" மீசைக்காரர் விடவில்லை. ஆனால் குரலில் ஒரு ஆவல் வந்துவிட்டது. விட்டுவிட வழி கேட்கிற குரல்.

"சங்குங்க" என்றேன். எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "கைக்குழந்தைக்குப் பாலு எதுல புகட்டுவீங்க? சங்குலதானுங்களே? அந்த மாதிரிங்க. பாலுதான் முக்கியம். ஊசி வெறும் சங்குங்க."

பனி முற்றத்துக்குள் கொஞ்சம் இறங்கியது. நாய் கொட்டாவி விட்டது. மீசைக்காரர் எழுந்து பலாமரத்தை நோக்கி நடந்தார். கொடுவாள் அவர் இடுப்பில் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, அவர் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து, பொருக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு, ரொம்ப நோவுதாடா?" என்று கேட்டார். குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது.

"தீர்ப்பச் சொல்லிப்போடுங்க சாமி, பொழுதாகுது" என்றார்கள்.

தள்ளி வைக்கத் தேவையில்லை என்றேன். பெரியவரின் குரலைவிட மெல்லியதாக வந்தது என் குரல். அதனால்தானோ என்னவோ எல்லோரும் கேட்டார்கள். தடியை என் கையிலிருந்து வாங்கிக் கதவோரம் சாத்தினார்கள். தப்பு மறுபடி ஒலித்தது. அவரை எடுத்தார்கள். அந்தப் பெண் பலாமரத்தடியிலிருந்து எழுந்து, மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு, மற்றப் பெண்களோடு போய் நின்று அழுதாள். யாரும் விலகவில்லை.

பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு மோசமான நாட்கள். அம்மன் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அது சரியா தப்பா என்று அவளைக் கேட்கவில்லை. சுகாதார இலாகாவின் ஊழியன், கையில் அம்மை குத்திக்கொண்ட தழும்புகள் வரிசையாக உள்ளவன், தினமும் விடிந்ததும் கண்ணாடிக்கு முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். ஒருநாள் கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அன்று முழுவதும் வேப்பிலையை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். கொசு. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவரும் கூடவே நின்று பார்ப்பது போலிருக்கும். அவர் வழக்குகளை ஏன் ஊறப்போட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தீர்ப்பைச் சொன்ன பிறகு அதோடு தனியாகப் படுத்துக்கொள்ள வேண்டியவர் சொன்னவர்தான். அத்தனை வருடம் அவர் அப்படித்தான் படுத்திருப்பார். காலையில் எழுந்து, கூழைக் குடித்துவிட்டு, தடியை எடுத்து மடிமேல் வைத்திருப்பார். யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

மீசைக்காரரின் அண்ணன் குழந்தை பிழைத்துக்கொண்டது, முகம் நிறையத் தழும்போடு. இன்னொரு வீட்டில் பிழைக்கவில்லை. அந்த வீட்டார் யாரையும் குறை சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த சந்தையில் என் முன்னால், பிள்ளையைப் பறிகொடுத்த அந்த வீட்டுத் தாய் தன் மற்றப் பிள்ளையோடு வந்து உட்கார்ந்தாள். "அம்மா பாலு குடுங்க சாமி" என்றாள். "நோவுங்க" என்றேன். "நோவட்டும்" என்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. மீசைக்காரர் ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். கீழேயிருந்து வந்த மேலதிகாரி என் முதுகைத் தட்டி, மலைமக்களிடம் விழிப்புணர்வு வந்துவிட்டது என்று அறிக்கை எழுதச் சொன்னார். எழுதினேன்.

மழைக்காலம் முடிந்து, எனக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது பெரியவர் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் மனைவி வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். நாட்டார் புதிதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தடியைக் கொடுத்துவிட்டார்கள். கதவோரம் வெறுமையாக இருந்தது. நாய் அங்கே படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தது. நான் படி ஏறாமல் நின்றுவிட்டேன்.

நின்ற இடத்திலிருந்தே, அன்று எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று தெரியவில்லை, பெரியவரே என் வாயில் வந்து பேசியது போலிருந்தது என்று கொஞ்சம் உணர்ச்சியோடு சொன்னேன். அப்படிச் சொல்லலாமா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்த வாக்கியம் அது.

அவர் மிளகைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"அவரு எங்கீங்க வந்தாரு. ஒருத்தரும் தடியத் தொடமாட்டேங்கறாங்க, பொழுது போகுது, அந்தப் புள்ள மூட்டையக் கட்டிட்டு உக்காந்திருக்குது. நீங்க வாரது தெரிஞ்சுது, நாந்தான் பையன்கிட்டச் சொல்லி நாய அவுத்து உடச் சொன்னேன்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "மேல வாங்க சாமி, பயப்படாதீங்க. அதுக்குப் பல்லு உழுந்து வருசக்கணக்காச்சு" என்றார்.